புதுப்பிப்பு: கிரேக்கம், லத்தீனுக்கு நடுவே சொந்த வாசிப்பு

செவ்வியல் (பண்டைய கிரேக்க, லத்தீன் மொழி, இலக்கியம்) பட்டப்படிப்பில் சேர்ந்தபின் பிடித்த நாவல்களைத் தொடவே முடியவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது.

பாடநூலை முதலில் மொழிபெயர்ப்பில் முழுதாகப் படித்துவிடுகிறேன். உதாரணத்துக்கு, ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் 24 காண்டங்கள், 15,000 வரிகளுக்கும் மேல். வகுப்பில் மூலத்தில் பார்ப்பது அதில் கொஞ்சம்தான். கதை தெரிந்துவிட்டால் அகராதியோடு மல்லாடும் நேரம் குறைகிறது. வேற்றுமையையும் வினையின் காலத்தையும் பிரித்துப் பார்ப்பதிலேயே கவனம் வைக்கலாம்.

அப்படி மிச்சமாகும் நேரம் இரவில் நாவலுக்கு. அப்போது பென்சிலைத் தொடுவதே இல்லை. களைத்த நாட்களில் ஒரு சிறுகதை. தேர்வு வாரத்தில் எதுவும் இல்லை, சரி, பரவாயில்லை. வாசிப்புப் பட்டியல் போடும் யோசனை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அது இன்னொரு பாடத்திட்டமாகிவிடுகிறது.

அடுத்த பருவத்தில் கிரேக்க நாடகங்கள். ஒரே அமர்வில் படிக்கக்கூடியவை என்பதால் ஆவலாகக் காத்திருக்கிறேன்.