பத்தாண்டு கடந்தும் ஏர்லி ஆக்சஸ்: முடியாத கேமுக்குப் பணம் கொடுப்பது சரியா?

கோத்தகிரி_பனி எழுதியது:

வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மல்டிபிளேயராக விளையாட, ஜோம்பிகளிடமிருந்து உயிர்பிழைக்கும் ‘ப்ராஜெக்ட் சோம்பாய்ட்’ கேமை வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை ஐந்து மணிக்கே ஊர் அடங்கிவிடும் என்பதால், நீண்ட நாள் தாங்கக்கூடிய கேம் ஒன்று எங்களுக்கு வேண்டும். எங்களில் ஒருவர் மட்டும் திட்டவட்டமாக மறுக்கிறார். 2013 நவம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது உருவாகி முடியும் முன்பே விற்பனைக்கு வந்து, பத்தாண்டு கடந்த பிறகும் 1.0 என்ற முழுப் பதிப்பை எட்டாத கேமுக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. இன்னொருவரோ, அதில் ஏற்கெனவே இருப்பதே பல முழு கேம்களில் இருப்பதைவிட அதிகம் என்கிறார்.

இதில் எங்கள் ஊர் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காற்றும் மழையும் சேர்ந்து பிராட்பேண்ட் நின்றுவிட்டால், போனை ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட்டில்தான் அப்டேட்டை இறக்கியாக வேண்டும். அது பாதி இறங்குவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அப்படிப் பாடுபட்டு இறக்கிய அப்டேட், நாங்கள் வாரக்கணக்கில் வளர்த்த ஆட்டத்தின் சேவ் கோப்பைத் திறக்கவே விடாமல் செய்தால் எங்களுக்கு அது உண்மையான நட்டம். ஒரு கேம் எத்தனை ஆண்டுகள் ஏர்லி ஆக்சஸில் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பது சரியா, அல்லது வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_ரயிலடி எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர் ஆண்டுகளை எண்ணுவதில் தவறில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் என்ன வேலை நடந்தது என்று பார்க்காமல் எண்ணினால் கணக்கு பிசகிவிடும். நான் மென்பொருள் வேலை செய்பவன். ஓய்வு நேரத்தில் சிறிய கேம்களை எழுதிப் பார்ப்பவன். கதாபாத்திரத்தின் அசைவுகளை அடியோடு மாற்றினால், சண்டை, உடை, வாகனம், மல்டிபிளேயர் ஒத்திசைவு என்று அதனோடு பின்னிக்கிடக்கும் அத்தனையையும் மறுபடி எழுத வேண்டிவரும். ப்ராஜெக்ட் சோம்பாய்டின் பில்ட் 41 என்ற பதிப்பில் நடந்தது அதுதான். 2019-இல் சோதனைப் பதிப்பாக வெளிவந்த அந்த பில்ட், மல்டிபிளேயரும் சேர்ந்து நிலையான பதிப்பாக மாற 2021 டிசம்பர் ஆயிற்று. அதற்கடுத்த பில்ட் 42-இன் சோதனைப் பதிப்பு வந்தது 2024 டிசம்பரில். இடையில் இருந்த மூன்று ஆண்டுகளைச் சோம்பல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீண்ட காலம் எடுத்தும் நம்பிக்கையைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். ப்ராக் நகரத்தில் உருவான ‘ஃபேக்டோரியோ’ 2016-இல் ஸ்டீமுக்கு வருவதற்கு முன்பே அவர்களுடைய சொந்தத் தளத்தில் விற்பனைக்கு வந்து, 2020 ஆகஸ்டில்தான் 1.0 ஆயிற்று. அதுவரை என்ன செய்கிறோம், எதைக் கைவிட்டோம், ஏன் கைவிட்டோம் என்பதை வெள்ளிக்கிழமைப் பதிவுகளாக எழுதிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பழைய பதிவுகளைத் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். கேமில் வரும் ரயில் சிக்னல் ஒன்றைச் சரிசெய்ய அவர்கள் பட்ட பாடு புரியும். ‘கேவ்ஸ் ஆஃப் குட்’ 2015-இல் ஸ்டீமின் ஏர்லி ஆக்சஸுக்கு வந்து 2024 டிசம்பரில் முழுமை பெற்றது. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அந்த கேமின் ஆழத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சிறிய குழுவுக்கு வேறு வழி என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் ஏர்லி ஆக்சஸே வேண்டாம் என்று முடிவுசெய்து நான்காண்டுக்கும் மேல் தனியாக உருவாக்கி, 2016-இல் முழுமையாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் அவர் பகுதிநேர வேலைக்குப் போனார். துணைவியாரின் சம்பளமும் கைகொடுத்தது. அப்படிப்பட்ட ஆதரவு இல்லாதவர்கள் விற்றுக்கொண்டேதான் உருவாக்க முடியும். அந்த விற்பனையிலும் சுமார் 30 சதவீதம் கடைக்குப் போய்விடுகிறது.

கூடலூர்_மிளகு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன கேம்கள் அனைத்தும் கரைசேர்ந்தவை. கரைசேராதவற்றை வாங்கியவர்களின் பணத்துக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் என் கேள்வி. ‘டபுள் ஃபைன்’ நிறுவனம் 2013 அக்டோபரில் ‘ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9’ கேமைப் பெரிய திட்டங்களோடு ஏர்லி ஆக்சஸில் விற்றது. மறு ஆண்டே, விற்பனை வருமானம் செலவுக்குப் போதவில்லை என்று சொல்லி, திட்டங்களில் பெரும்பகுதியைக் கைவிட்டு 1.0 என்று பெயர் வைத்து முடித்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கு என்று பார்த்தால் அது குறுகிய காலம்தான். ஆனாலும் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். மிகக் குறைவாக விற்றாலும், விற்கவே இல்லையென்றாலும்கூட வேலையைத் தொடர முடியாதவர்கள் ஏர்லி ஆக்சஸுக்கு வரவேண்டாம் என்று ஸ்டீமின் வழிகாட்டுதலே உருவாக்குநர்களிடம் சொல்கிறது. “விற்றுக்கொண்டேதான் உருவாக்க முடியும்” என்று நீங்கள் எழுதியதும் அந்த வழிகாட்டுதலும் ஒத்துப்போகவில்லை.

வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு மிகச் சிறியது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்கலாம். ஏர்லி ஆக்சஸ் கேம் ஒன்று மூன்றாம் ஆண்டில் நின்றுபோகும்போது அந்த 14 நாட்கள் எப்போதோ கடந்திருக்கும். குறை சொன்னால் “இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது” என்று பதில் வரும். காசு வாங்கும்போது மட்டும் அது முழுப் பொருளாகிவிடும். ‘ஆர்க்: சர்வைவல் இவால்வ்டு’ ஏர்லி ஆக்சஸில் இருந்த 2016-ஆம் ஆண்டிலேயே கட்டண விரிவாக்கம் ஒன்றை விற்பனைக்கு விட்டது. முதல் வீட்டுக்கே கூரை போடாதவர்கள் இரண்டாவது வீட்டை விற்கலாமா என்று அன்றைக்கு விளையாட்டாளர்கள் கொதித்ததில் எந்த மிகையும் இல்லை.

1.0 என்ற பெயரையும் நான் நம்புவதில்லை. ‘7 டேஸ் டு டை’ 2013 டிசம்பரில் தொடங்கி 2024 ஜூலையில் 1.0 ஆனது, வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவந்த கொள்ளையர்கள் என்ற எதிரிகள் அப்போதும் வரவில்லை, பிறகு வருவார்கள் என்று திட்ட அட்டவணையில் இடம்பிடித்தார்கள். ஆகவே தம்பியின் நண்பர் மறுப்பது எனக்குச் சரியாகவே தெரிகிறது. கைச்செலவுக்கு அளந்து பணம் பெறும் கல்லூரிப் பிள்ளைகளிடம், இன்னொருவரின் வருங்காலத் திட்டத்துக்கு முதலீடு செய்யச் சொல்வது நியாயம் ஆகாது.

பூம்பாறை_மேல்மலை எழுதியது:

இருவர் சொல்வதிலும் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனால் முதலீடு என்று கூடலூர் அக்கா எழுதியதில் இல்லை. எங்கள் மேல்மலையில் பூண்டுக்கு முன்பணம் கொடுக்கும் வியாபாரி, வயலில் இறங்கி இரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுப்பார். அடுத்த போகத்தில் என்ன விளையும் என்ற பேச்சுக்கு அவர் காசு கொடுப்பதில்லை. ஏர்லி ஆக்சஸையும் நான் அப்படித்தான் வாங்குகிறேன். இதற்குமேல் ஒரு அப்டேட்கூட வராது என்று வைத்துக்கொண்டால், இப்போது அதில் இருப்பது இந்த விலைக்குத் தகுமா? தகும் என்றால் வாங்குவேன். வருங்கால அம்சங்களை நம்பி வாங்காதீர்கள், இப்போதுள்ள நிலையைப் பார்த்து வாங்குங்கள் என்று அந்தக் கேம்களின் கடைப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. பலர் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கடைசி அப்டேட் எப்போது வந்தது என்பதையும் பார்ப்பேன். ஓராண்டுக்கு மேல் அப்டேட் இல்லாத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் அதைக் குறிப்பிடும் அறிவிப்பை ஸ்டீம் 2025 முதல் காட்டுகிறது. வெகுகாலம் தாமதமாக வந்த நல்ல மாற்றம் அது. அதோடு, விளையாட்டாளர்கள் எதிர்த்தபோது உருவாக்குநர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் முக்கியம். ‘டார்க்கஸ்ட் டஞ்சன்’ 2015-இல் ஏர்லி ஆக்சஸில் இருந்தபோது, கொல்லப்பட்ட எதிரியின் உடல் அந்த இடத்திலேயே கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் விதியைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். விளையாட்டாளர்களில் ஒரு பெரும் பகுதி கொதித்தெழுந்தது. உருவாக்குநர்கள் விதியைக் கைவிடாமல், வேண்டாதவர்கள் அமைப்புகளில் அணைத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். பணம் கொடுத்தவர்களையும் மதித்தார்கள், தங்கள் வடிவமைப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட குழுவுக்கு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் நான் காத்திருப்பேன்.

கூடலூர்_மிளகு எழுதியது:

வியாபாரி செடியைப் பிடுங்கிப் பார்க்கலாம், தம்பி. இரண்டு மணி நேரத்தில் ஒரு சர்வைவல் கேமில் என்ன தெரிந்துவிடும்? முதல் வீட்டைத் தேடிக் கதவை அடைப்பதற்கே அந்த நேரம் போய்விடும். ஏர்லி ஆக்சஸ் கேம்களுக்காவது ரீஃபண்ட் எல்லையை நீட்டிக்க வேண்டும், அல்லது வேலை கைவிடப்பட்டால் விற்பனையை அன்றே நிறுத்த வேண்டும். ‘தி டே பிஃபோர்’ 2023 டிசம்பரில் ஏர்லி ஆக்சஸாக வெளியாகி நான்கே நாட்களில் அதன் நிறுவனம் மூடப்பட்டபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. சத்தம் பெரிதாக எழுந்ததால் அது நடந்தது. சத்தமில்லாமல் நின்றுபோகும் சிறிய கேம்களுக்கும் அதே நீதி வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குன்னூர்_ரயிலடி எழுதியது:

கைவிடப்பட்டால் விற்பனையை நிறுத்த வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன், அம்மா. அதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடே இல்லை.

கோத்தகிரி_பனி எழுதியது:

மூவருக்கும் நன்றி. அப்டேட் இனி வராவிட்டாலும் இந்த விலைக்குத் தகுமா என்று கேட்டபோது மூவர் தகும் என்றோம். மறுத்த நண்பர், அக்கா சொன்ன அதே காரணத்தால் இன்னும் ஒப்பவில்லை, அவரை வற்புறுத்தப் போவதுமில்லை. நாங்கள் மூவரும் வாங்கினால், டேட்டாவையும் சேவ் கோப்பையும் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

பூம்பாறை_மேல்மலை எழுதியது:

ஒருவர் மட்டும் இறக்கினால் போதும். மூன்று கணினிகளையும் ஒரே வைஃபை ரவுட்டரில் இணைத்து, ஸ்டீமின் டவுன்லோடு அமைப்புகளில் உள்ளூர் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை மாற்றும் வசதியை இயக்குங்கள். நண்பர்களின் கணினிக்கும் அனுமதி உண்டு. பிறகு கேமின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘பீட்டாஸ்’ என்பதைத் திறந்து மூவரும் ஒரே பில்டைத் தேர்ந்தெடுங்கள். பில்ட் 41-இன் சேவ் 42-இல் ஓடாது, ஆகவே நடுவில் மாற்றாதீர்கள். வொர்க்‌ஷாப் மோட்கள் (விளையாட்டாளர்கள் உருவாக்கும் கூடுதல் சேர்க்கைகள்) தாமாகவே அப்டேட் ஆகி, ஒருவருக்கு மட்டும் பதிப்பு மாறி சர்வரில் நுழைய முடியாமல் போவதுண்டு. எனவே முதலில் மோட் இல்லாமல் தொடங்குங்கள். சர்வரை நடத்துபவர், விண்டோஸில் தன் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘சோம்பாய்ட்’ ஃபோல்டர் முழுவதையும் ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் பென்டிரைவில் நகல் எடுத்துவிட வேண்டும்.