வாற ஆக்கள்ர ஈமெயில் ஸ்பாம் பில்டரோட போகுது, எங்க பிழை?

கோமாரிப் பிள்ளை

வணக்கம். அப்பா உல்லையில (அறுகம்குடா) நாலு அறையோட கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு வச்சிருக்கார். புக்கிங் எல்லாம் நான்தான் கோமாரியில வீட்டில இருந்து பார்க்கிறன். அலைச்சறுக்குக்கு ஆக்கள் வாறது மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும்தான். அந்த அஞ்சு மாச வருமானத்திலதான் வருசம் முழுக்க வீடு ஓடணும்.

மாசி மாசம் எங்கட வெப்சைட் பேர்ல (டொமைன்) இருக்கிற ஈமெயில் பெட்டிக்கு ஒரு நாளைக்கு நாப்பது, ஐம்பது குப்பை வந்துது. லொத்தர் விழுந்திருக்கு, மருந்து மலிவு எண்டு. ஹோஸ்டிங் ஆக்களிட்ட சாட்டில கேட்டன். சீபெனல்ல, அதாவது ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற பக்கத்தில, ஸ்பாம் பில்டர் இலக்கத்தை 2க்கு இறக்கி, ஓட்டோ டிலீட்டையும் ஒன் பண்ணச் சொன்னாங்க. செய்தன். குப்பை அடியோட நிண்டுட்டு.

போன கிழமை ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வட்ஸ்அப்பில எழுதினா. மூண்டு தரம் ஈமெயில் போட்டாவாம், பதில் வராததால வேற இடத்தில புக் பண்ணிட்டாவாம். ஆகஸ்ட்ல பத்து இரவு. அப்பாட்ட இன்னும் சொல்லல்ல, சொல்ல வாய் வரல்ல.

இன்னொண்டும் இரிக்கு. வெப்சைட் படிவம் நேரா அப்பாட ஜிமெயிலுக்குப் போற மாதிரித்தான் வச்சிருக்கு. ஜிமெயில் ஆக்கள் நிரப்பினா வருது, சிலநேரம் ஸ்பாமுக்குள்ள கிடக்கும். என்ட யாஹூ முகவரியைப் போட்டு நானே மூண்டு தரம் நிரப்பிப் பார்த்தன். ஒண்டும் வரல்ல. இதுவும் அந்த பில்டர் வேலையா?

காத்தான்குடி நானா

தங்கச்சி, மிச்சத்தைப் பிறகு வாசிங்க, ஓட்டோ டிலீட்டை இப்பவே ஓஃப் பண்ணுங்க. அது அழிச்சது திரும்பி வராது.

சீபெனல்ட ஸ்பாம் பில்டர்தான் ஸ்பாம்அசாசின். அது ஒவ்வொரு கடிதத்துக்கும் புள்ளி போடும். புள்ளி கூடக் கூட சந்தேகம் கூடும். நீங்க வைக்கிற இலக்கம்தான் கோடு, அதைத் தொட்டா ஸ்பாம். வழமையா 5. 2க்கு இறக்கினா, தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில அடிச்ச நல்ல மனிசரும் மாட்டுவாங்க. என்ட கடைக்குத் துணி அனுப்புற முதலாளிட விலைப்பட்டியல் வெறும் படமாத்தான் வரும். ஒரு காலம் நானும் 3ல வச்சிருந்தன். அவர்ர கடிதம் ஒவ்வொண்டும் 3.4 எடுத்து ஸ்பாமுக்குள்ளயே போய்க் கிடந்தது. நான் அவரோட கோவிச்சும் போட்டன், பாவம்.

5க்கே திருப்பி வச்சு, ஸ்பாம் பொக்ஸை ஒன் பண்ணுங்க. அது அழிக்காம தனி போல்டர்ல போடும். போன்ல பொப் முறையில (இன்பொக்ஸை மட்டும் இறக்கிறது) எடுக்கிறீங்க எண்டா அந்த போல்டர் கண்ணில படாது, ஐமேப்புக்கு (எல்லா போல்டரும் தெரியிறது) மாத்துங்க. பிடிபட்ட கடிதத்தை சீபெனல்ட வெப்மெயில் ரவுண்ட்கியூப்ல திறந்து ஷோ சோர்ஸைப் பாருங்க. எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் எண்ட வரியில எத்தனை புள்ளி எண்டும், எக்ஸ்-ஸ்பாம்-ரிப்போர்ட்டில எதுக்காகப் போட்டது எண்டும் இரிக்கும்.

யாஹூ, ஜிமெயில் முழுசையும் வைட்லிஸ்ட்ல (எப்பவும் விடுற பட்டியல்) போடச் சொல்லி ஆராவது சொன்னா கேக்காதீங்க. வைட்லிஸ்ட்ல இருந்தா 100 புள்ளி கழிச்சுப் போடும். அனுப்புற முகவரியைப் பொய்யாப் போடுற கள்ளனும் அதே கதவால வருவான்.

புளியந்தீவான்

நானா சொன்னது உள்ள வாற கடிதத்துக்குச் சரி. படிவத்தின்ர கதை வேற, அது உங்கட பில்டர் இல்ல.

உங்கட படிவம், நிரப்பின ஆள்ர முகவரியையே அனுப்புனரா வச்சு அனுப்புது போல. யாஹூ தன்ர பேர்ல வேற சேர்வர் அனுப்பினா ஏத்துக்கொள்ள வேண்டாம் எண்டு 2014 ஏப்ரல்லயே டிமார்க்ல (டொமைன்காரர் தன்ர பேர்ல வாற பொய்க் கடிதத்தை என்ன செய்யணும் எண்டு சொல்ற பதிவு) அறிவிச்சிட்டு. ஜிமெயில் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிடும். ஜிமெயில் டொமைன்ட டிமார்க்கில அந்தளவு கறார் இல்ல, அதால அந்த ஆக்கள்ர கடிதம் தப்பித் தவறி வருது.

படிவத்தில ஃப்ரொம் (அனுப்புனர்) இடத்துக்கு உங்கட டொமைன் முகவரியைப் போடுங்க. நிரப்பினவர்ர முகவரி ரிப்ளை-டூவில (பதில் போற முகவரி) வரட்டும். பிறகு சீபெனல்ல ஈமெயில் டெலிவரபிலிட்டி பக்கத்தில எஸ்பிஎஃப் (உங்கட பேர்ல எந்த சேர்வர் அனுப்பலாம் எண்ட பட்டியல்), டிகிம் (கடிதத்தில வைக்கிற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டும் சரியா எண்டு பாருங்க. எஸ்பிஎஃப் பதிவு ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது, ஒண்டாக்குங்க. 2024 பெப்ரவரியில இருந்து எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டில ஒண்டுமே சரியா இல்லாத கடிதத்தை ஜிமெயில் லேசில எடுக்காது.

இன்னொரு வேலை, இண்டைக்கே செய்யுங்க. திரும்பின கடிதங்கள் சீபெனல் பிரதான கணக்குப் பெட்டிக்குத்தான் வந்திருக்கும். 550-5.7.26 எண்டு தேடுங்க, அது ஜிமெயில் மறுத்ததுக்குப் போடுற குறியீடு. நிரப்பின ஆள் எழுதினதும் அதுக்குள்ளேயே இரிக்கும்.

கோமாரிப் பிள்ளை

நானா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஃப்ரொமை மாத்தி யாஹூவால திரும்ப நிரப்பினன், ரெண்டு நிமிசத்தில அப்பாட போன் அடிச்சுது. எஸ்பிஎஃப் உண்மையாவே ரெண்டு கிடந்தது, ஒண்டாக்கிட்டன்.

பிரதான கணக்குப் பெட்டி ஒண்டு இருக்கிறதே எனக்குத் தெரியாது. திறந்தா பதினாலு கடிதம் திரும்பிக் கிடக்கு. மூண்டு நான் போட்டது. மிச்சம் பதினொண்டும் ஆக்கள் கேட்டது, நாலு பேர் ஜூலைக்கு. ராவோட ராவா எல்லாருக்கும் எழுதினன். காலமை ஒராளிட்ட இருந்து பதில், ரெண்டு அறை, ஆறு இரவு, பூச்சட்டி வச்ச திண்ணைப் பக்கம் அறை வேணுமாம். அப்பாட்ட இப்பதான் எல்லாத்தையும் சொன்னன். எழும்பிப் போய் அந்த அறைக்கு நுளம்பு வலை புதுசா வாங்கணும் எண்டு அளந்து பார்த்துக்கொண்டு நிக்கார்.