லாபம், ரெண்டு, மூணு

பாளையங்கோட்டையிலிருந்து:

கணினி செய்ய முடியாத வேலை எது என்று பேச்சு போகிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2006-லிருந்து பதிமூன்று வருஷம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார், நாங்கள் இங்கே ராத்திரி முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் அடிப்போம். 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி, வரிக்கு இவ்வளவு என்று கூலி. டாக்டர் சொன்னது 'ஹைப்போ'வா 'ஹைப்பரா' என்று ஒரே சொல்லைப் பத்துத் தடவை திருப்பிக் கேட்டிருக்கிறேன், ஒன்று சர்க்கரை இறங்கியது, மற்றது ஏறியது, மாற்றி எழுதினால் ஓர் உயிர். வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தந்த சட்டம் இன்னும் மனதில் நிற்கிறது: காதில் சரியாக விழாததை ஊகித்து எழுதாதே, கோடு போட்டு இடத்தை விடு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து மேலே அனுப்பு.

அப்புறம் பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. அது அடித்ததைத் திருத்தினால் போதும் என்றார்கள், வரிக்காசு பாதியானது, 2019-ல் கம்பெனியே மூடிவிட்டது. ஆகவே யாருடைய வேலையும் போகாது என்று ஆறுதல் சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. என் வேலை போனது.

2021 ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. மூளையின் இடதுபக்கம் பேச்சுக்கான பகுதி அடிபட்டால் வருவதை அஃபேசியா என்கிறார்கள். நாம் சொல்வது அவருக்குப் புரியும், தான் சொல்ல நினைப்பதும் தெரியும், வார்த்தைதான் வராது. டவுனில் நெல் மண்டியில் நாற்பது வருஷம் நின்று, தெருவே கேட்கப் பேசிய மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக்கூடத் திரும்ப மாட்டார்.

பெங்களூரில் இருக்கும் தம்பி ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினான். செம்பு படத்தைத் தொட்டால் "எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண்குரல் பேசும். அப்பா இரண்டு நாள் தொட்டார். மூன்றாம் நாள் கவிழ்த்து வைத்துவிட்டார். அதைக் குறை சொல்ல வரவில்லை, அதனால் பயன்பெற்ற குடும்பங்களை இப்போது நானே பார்க்கிறேன். எங்கள் அப்பாவுக்கு அது ஒட்டவில்லை.

பிறகு பேச்சுப் பயிற்சி தர ஒருவர் வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், தம்பி என்றே கூப்பிட்டோம். முதல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை வந்துபோக ஐந்நூறு ரூபாய், எனக்குள் கொதித்தது. மூன்றாம் நாள் பட்டாசலின் மூலையில் கிடந்த, நெல் அளக்கும் மரக்காலும் நாழியும் அவர் கண்ணில் பட்டன. "தாத்தா, இது நீங்க அளந்ததா?" என்று கேட்டு, அம்மாவிடம் அரிசி வாங்கிச் சுளகில் கொட்டி, நாழியை அப்பாவின் இடது கையில் கொடுத்துத் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதல் நாழியைக் கவிழ்த்ததும் அப்பா "லாபம்" என்றார். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அடுத்தது "ரெண்டு". அடுத்தது "மூணு". அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறோம்.

ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வரிசைகள், எண், மாதப் பெயர், சாமி பாட்டு, இவையெல்லாம் மற்ற பேச்சு போனபிறகும் பலருக்குத் தங்கிவிடும், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும் என்று அவர் பிறகு விளக்கினார். இது புத்தகத்தில் இருப்பதுதான், கேட்டால் எந்தக் கணினியும் சொல்லும். எங்கள் வீட்டில் அந்த வரிசை லாபத்தில் தொடங்குகிறது என்பது மூலையில் கிடந்த நாழியைப் பார்த்தவருக்குத்தான் தெரிந்தது.

அடுத்து வந்ததுதான் எனக்குக் கஷ்டம். அவர் அப்பாவோடு சேர்ந்து "ரெண்டு" வரை சொல்லிவிட்டு நிறுத்தி, ஒரு தோசையைக் காட்டிக் காத்திருப்பார். அப்பாவின் உதடு நடுங்கும், நெற்றி வேர்க்கும். நான் தாங்காமல் வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். "அக்கா, நீங்க சொல்லிட்டா அவங்க எதுக்குத் தேடணும்?" அன்று நாற்பது விநாடி எண்ணினேன். "தோச" என்று வந்தது.

பழைய தொழில் பழக்கத்தில் அந்தப் பயிற்சியைப் போனில் பதிவு செய்து, போனையே எழுத்தாக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்பா பேசாமல் இருந்த இடங்களில் யாருமே சொல்லாத வாக்கியங்கள் இருந்தன. போனில்தான் கோளாறு என்று விட்டுவிட்டேன். பிறகு, 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை அமெரிக்காவில் சோதித்ததில், ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பதிவில் பேசாத வாக்கியத்தை அதுவே சேர்த்திருக்கிறது, அஃபேசியா உள்ளவர்களின் பதிவில் அது இன்னும் கூடுதல், அவர்கள் பேச்சில் இடைவெளி நீளம் என்பதும் ஒரு காரணமாம். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கோடு போட்டு இடத்தை விடு என்று எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டத்தை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் அப்பா என்னை, எங்கள் பக்கத்தில் மகளைக் கூப்பிடுகிற மாதிரி, "ஏளா" என்று கூப்பிட்டார். இப்போது சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார்.

நானும் இங்கே ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. டைப் அடித்தபோது வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு, இதை மறைக்க வேண்டியதில்லை. மனிதர்களால் மட்டுமே முடியும் என்று எல்லோரும் புகழும் வேலைக்குத்தான் பேரம் பேசுகிறார்கள். "சும்மா பேசிட்டுப் போறதுக்கா ஐந்நூறு?" என்று எங்கள் சித்தப்பாவே அந்தத் தம்பியின் முகத்துக்கு நேரே கேட்டார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து:

அக்கா, நீங்கள் அந்த நாற்பது விநாடியைச் சொன்னதும் எனக்கு எங்கள் தொழில் ஞாபகம் வந்தது. நான் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறேன். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் குழுவில் எல்லோரும் அழுதோம்.

போன வருஷம் ஒரு கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, பாடப் போயிருந்தோம். ஊர்ப் பையன்கள் கணினியிடம் எழுதி வாங்கிய சுடலைமாடன் கதையை எங்கள் தலைமைப் பாடகரான அண்ணாவியிடம் கொடுத்து இதைப் பாடுங்கள் என்றார்கள். எழுத்து சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர் மாடன் எங்கிருந்து வந்தார், யார் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்தது, எந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை என்பது எதிலும் எழுதி வைக்கப்பட்டதில்லை. அண்ணாவி கோபப்படவில்லை. சாயங்காலமே போய் ஊர்ப்பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வந்தார். நடுராத்திரிச் சாமக்கொடையில், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு எடுத்தபோது சாமியாடி அசையவே இல்லை. அண்ணாவி அவர் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடினார், எங்களுக்கு வில்லில் அடிக்கும் வீசுகோலால் சைகை காட்டி வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். விரல் துடித்த நொடியில் உடுக்கையை ஏற்றினார் பாருங்கள், கூட்டமே எழுந்து குலவை போட்டது. அந்த நொடி எது என்று எனக்கு இருபது வருஷமாகியும் பிடிபடவில்லை.

கூலி விஷயத்தில் அக்கா சொன்னது அப்படியே எங்களுக்கும்தான். கொடை மாதங்கள் போக மற்ற நாளில் நான் பெயிண்ட் அடிக்கப் போகிறேன்.

தென்காசியிலிருந்து:

அக்கா, என் மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம் என்கிறாள். அந்தத் தம்பி படித்த படிப்பு என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, பி.ஏ.எஸ்.எல்.பி. என்று பெயர். காதுகேட்பதற்கும் பேச்சுக்கும் சேர்த்து ஒரே படிப்பு. நான்கு வருஷம், கடைசி வருஷம் முழுக்கப் பயிற்சி. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டுதான் தொழில் பார்க்க முடியும். சம்பளத்தைப் பற்றி மேலே சொன்னதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்பாவோடு அரைமணி நேரம் பேசிப் பார்க்கட்டும். நான்கு மணிக்கு வந்தால் நல்லது, ஆறுக்கு மேல் அவர் களைத்துவிடுவார்.