புதுப்பிப்பு: வீட்டுக் கடன் வட்டிக்கு அரசு உதவி கிடைத்தது, ஆனால்...

என் கணவருக்கு வேலை போனதையும், லண்டன் வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். "எஸ்எம்ஐ கேட்டுப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். வீட்டுக் கடன் வட்டிக்குப் பிரிட்டன் அரசு செய்யும் உதவிதான் அது. கேட்டோம், கிடைத்துவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். அது இலவச உதவி என்று நான் எழுதியது தவறு. 2018 ஏப்ரலிலிருந்து அது கடன்தான். வீட்டின் மீது பதிந்துகொள்கிறார்கள், வட்டியும் ஏறும். வீட்டை விற்கும்போதோ வேறு பெயருக்கு மாற்றும்போதோ திருப்பிக் கொடுக்க வேண்டும். இருவருமே கையெழுத்திட வேண்டியிருந்தது. சொந்த வீட்டின் மேல் இன்னொரு கடனா என்று இரண்டு நாள் தூக்கமே இல்லை.

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) தொடர்ந்து மூன்று மாதம் வாங்கிய பிறகே இது தொடங்கும். 2023 ஏப்ரலுக்கு முன் ஒன்பது மாதமாம்! அப்போது கொஞ்சம் சம்பாதித்தாலும் கிடையாது. இப்போது அந்தத் தடை இல்லை. என் பகுதிநேர வேலை தப்பியது.

பணம் நம் கைக்கு வராது, நேரே வங்கிக்குப் போகும். அதுவும் 2 லட்சம் பவுண்டு வரையிலான கடனின் வட்டிக்கு மட்டும், அரசு வைத்திருக்கும் வட்டி விகிதத்தில். எங்கள் விகிதம் அதைவிட அதிகம். மிச்சமும் அசலும் எங்கள் தலையில்.

அப்புறம், அசலுக்காக வங்கியிடம் பேசினோம். ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் கணவருக்கு வேலை கிடைக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு நேர்காணல் இருக்கிறது.