மெயின்ஃப்ரேம் லினக்ஸ்ல ஸ்டோரேஜ் பாத் மாத்தணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, பெங்களூர் வைட்ஃபீல்டுல இருக்கேன். எங்க ஐபிஎம் இசட்ல ஒரு எல்பார்ல (மெயின்ஃப்ரேமைப் பிரிச்சு வச்ச ஒரு பகுதி) ரெட் ஹேட் லினக்ஸ் ஓடுது, ஸ்டோரேஜ் பாக்ஸ்ல போர்ட்டை மாத்துறாங்க அதனால டபிள்யூடபிள்யூபிஎன் (ஸ்டோரேஜ் போர்ட்டோட முகவரி) எல்லாமே புதுசா வரும். என்பிஐவி (ஒரே போர்ட்டுக்கு பல முகவரி குடுக்குற வசதி) கிடையாது, அதனால லன் (ஸ்டோரேஜ் பாக்ஸ் குடுக்குற டிஸ்க்) தானா ஸ்கேன் ஆகாது, சிஎச்இசட்டெவ் கமாண்ட் வச்சு ஒவ்வொண்ணா கையாலதான் சேக்கணும்.

புது பாத்தை முதல்ல சேத்து, மல்டிபாத்ல (ஒரே டிஸ்க்குக்கு இருக்குற பல பாத்தை சேத்து பாத்துக்குறது) எல்லாம் ஆக்டிவ்னு வந்தப்புறம் பழசை ஒவ்வொண்ணா எடுக்கலாம்னு இருக்கேன், அது சரியான வழிதான்னு நம்புறேன். கவலை ரூட் டிஸ்க் பத்திதான். பூட் வரில டிஸ்க் பாத்தை சொல்ற ஆர்டி.இசட்எஃப்சிபி மாத்தி, இனிட்ரேம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதல்ல ஏறுற சின்ன ஃபைல் சிஸ்டம்) திரும்ப கட்டி இசட்ஐபிஎல் (பூட் லோடரை எழுதுற கமாண்ட்) ஓட்டணும், எச்எம்சி (மெயின்ஃப்ரேமை இயக்குற கன்சோல்) லோட்லயும் புது டபிள்யூடபிள்யூபிஎன் குடுக்கணும். இந்த வரிசை சரியா? பழைய பாத்தை எடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு தடவை ரீபூட் பண்ணி பாத்துடலாமா? பேங்க் டேட்டா ஓடுற சிஸ்டம், செஞ்சவங்க யாராவது இருந்தா ப்ளீஸ் சொல்லுங்க.