உசாத்துணை மேசையில் விடையைக் கொடுப்பதா, தேடக் கற்பிப்பதா?

பாடசாலை நூலகர், வெள்ளவத்தை:
உயர்தர மாணவர்கள் செயற்றிட்ட அறிக்கைக்காக வரும்போது, “மலையக மக்களைப் பற்றி ஏதாவது தாருங்கள், சேர்” என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நூலை எடுத்துக் கொடுத்தால் பார்த்தெழுதிவிட்டுப் போகிறார்கள். நீங்களே தேடுங்கள் என்றால், கைப்பேசியில் முதலில் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். தவணை ஆரம்பத்தில் நடத்தும் நூலக அறிமுக வகுப்பு மனதில் தங்குவதில்லை. தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் ஆற்றலாகிய தகவல் அறிதிறனைக் கற்பிக்க, வாசகர்கள் கேள்வி கேட்டு உதவி பெறும் உசாத்துணை மேசையையே எவ்வாறு பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உசாத்துணை நூலகர், கொழும்பு 7:
நூலை எடுப்பதற்கு முன்பே, நீங்கள் திருப்பிக் கேட்கும் கேள்வியில் கற்பித்தல் தொடங்கிவிடுகிறது. வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு உண்மையில் வேண்டியதாக இருப்பதில்லை. “மலையகத்தில் எதைப் பற்றி, எந்தக் காலத்தைப் பற்றி?” என்று பொறுமையாக விசாரித்தால், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவுகள் என்பது தெரியவரலாம். அதன்பின் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, சட்டத்தின் மூல வாசகம் எங்கே, அக்காலப் பத்திரிகைகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எவ்வாறு பார்ப்பது, 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் இதழ்களை எவ்வாறு தேடுவது என்பவற்றை, நீங்கள் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லியபடியே செய்துகாட்டுங்கள். ‘மலையகத் தமிழர்’ என்று மட்டும் தேடினால், அதே மக்களை ‘இந்தியத் தமிழர்’ என்று பதிந்துள்ள குடிசன மதிப்பீட்டு அறிக்கைகள் அகப்படமாட்டா. அந்த இடத்தில் தேடல் தடைப்பட்டு, சொல்லை மாற்றியதும் வழி திறப்பதை நேரில் காணும் பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

சட்டத்தரணி, நூலக வாசகர்:
மேலே சொன்னதை மாணவர்களைப் பொறுத்தவரை ஏற்கிறேன். எல்லோருக்கும் அதைப் பொருத்த வேண்டாம். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது. குடியுரிமைச் சட்டத்தின் இலக்கத்தை மட்டும் கேட்பவரிடம், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் என்று உடனே சொல்லிவிட வேண்டும். மூடும் நேரத்தில் ஓடிவரும் ஒருவரைப் பிடித்துவைத்துப் பாடம் நடத்துவது நியாயமன்று.

வரலாற்று ஆசிரியை, பம்பலப்பிட்டி:
கைப்பேசியைத் தடுப்பதில் பயனில்லை. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றறிஞர்களையும் மாணவர்களையும் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்போரையும் ஒப்பிட்டபோது, சரிபார்ப்போரே அறிமுகமற்ற பக்கத்தை விட்டு விரைவில் வெளியேறி, அதை நடத்துபவர் யார் என்று வேறு தளங்களில் விசாரித்தனர். இதை மாணவர்களுக்குச் சில நிமிடங்களில் பழக்கலாம். அத்துடன், எந்தச் சொற்களால் தேடினார்கள், எந்த மூலத்தை ஏன் கைவிட்டார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அறிக்கையுடன் இணைக்கச் சொல்லி, அதற்கும் புள்ளி வழங்குகிறேன். பாட ஆசிரியர் ஒத்துழைக்காவிட்டால் நூலகர் தனித்து நின்று இதைச் செய்ய முடியாது. ஆகவே அடுத்த தவணைக்கான தலைப்புகளை வழங்குமுன்பே அவருடன் பேசிவிடுங்கள்.