காகத்துக்கு ‘எக்ஸ்’ போட்டவர் நீங்கள்தானா?

தாங்கள் சேர்த்த தரவைப் பற்றி மாநாட்டில் யாரிடம் என்ன கேட்டோம் என்று நான்கு பேர் இங்கே சொல்கிறார்கள்.

வேளச்சேரி ஆசிரியர்:

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போவது பல வருடப் பழக்கம். துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலையோரம் நின்றாலே போதும், நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் கண்ணெதிரே மேயும். பார்த்ததை வீட்டுக்கு வந்து, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றிவிடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை.

போன வருடம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பல்லுயிர் பற்றி இரண்டு நாள் மாநாடு நடந்தது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது அல்லவா, அதில் எங்கள் பிள்ளைகள் எடுத்த எண்ணிக்கையைப் போஸ்டராக்கி எடுத்துப்போயிருந்தேன். பலகையில் துணி போர்த்தியிருந்ததால் டேப் ஒட்டவில்லை. பக்கத்துப் பலகையில் நின்ற ஆராய்ச்சி மாணவி தன் பையிலிருந்து குண்டூசி டப்பாவை எடுத்து நீட்டினார். மூன்று மூலையை நான் குத்தினேன், நான்காவதை அவரே குத்தினார். அப்போதுதான் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

“சார், பள்ளிக்கரணை லிஸ்ட் போடுறது நீங்களா? காக்காவுக்கு எக்ஸ் போடுவீங்களே, அவரா?”

ஆமாம், நான்தான். இ-பேர்டில் ஒரு பறவையைப் பார்த்தோம், ஆனால் எண்ணவில்லை என்றால் எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ என்று போடலாம். பூநாரை வந்தால் பத்துப் பத்தாகப் பிரித்து, இரண்டு தடவை எண்ணி எழுதுவேன். காகம், மைனா, மாடப்புறாவுக்கெல்லாம் எக்ஸ்தான். காகத்தை யார் எண்ணப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அவர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வரியும் என்னுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூநாரை இருந்த பத்தியில் மேலிருந்து கீழ்வரை எண்கள். காகத்தின் பத்தியில் எக்ஸ், எக்ஸ், எக்ஸ். பெருங்குடி குப்பைமேட்டை ஒட்டிய பறவைகள் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவர் ஆய்வு. குப்பைமேடு என்றால் காகமும் பருந்தும் உண்ணிக்கொக்கும்தானே! “இருக்குன்னு தெரியுது சார், கூடுதா குறையுதான்னுதான் தெரியல” என்றார். குறை சொல்லும் தொனி துளியும் இல்லை.

அப்புறம் இன்னொன்றைக் காட்டினார். நடுவில் சில மாதங்கள் என் பட்டியலில் பூநாரை மட்டும்தான் இருந்தது, வேறு ஒரு பெயரும் இல்லை. “அன்னைக்கு மத்தது எதுவும் வரலையா, இல்ல நீங்க எழுதலையா?” எழுதவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்கள் அவை. ஓடிப்போய்ப் பூநாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ‘அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா’ என்று கடைசியில் ஒரு கேள்வி வருமே, அதற்கு ‘இல்லை’ என்றே நேர்மையாகக் குறித்திருந்தேன். அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. “இது போதும் சார். ‘ஆமா’ன்னு போட்டிருந்தா, அந்த மூணு மாசம் பள்ளிக்கரணையில வேற பறவையே இல்லைன்னு என் கணக்கு சொல்லியிருக்கும்.”

நான் அறிவியல் ஆசிரியர். ஒரு பறவை ‘இல்லை’ என்பதும் ஒரு தகவல்தான் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஏற்றிய மூன்று கோடிப் பதிவுகள் அதற்கு அடித்தளம். நூறு முழுமையான பட்டியல்களில் ஓர் இனம் எத்தனை பட்டியலில் இருக்கிறது, அந்த விகிதம் வருடா வருடம் ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் அதில் பார்க்கிறார்கள். அரைகுறைப் பட்டியலுக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

பழைய எக்ஸ்களையெல்லாம் நினைவிலிருந்து திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார். “ஐயோ, வேணாம் சார். எண்ணாததை எண்ணாததாவே விட்டுடுங்க.”

பெசன்ட் நகர் ஆமை நடைக்காரி:

எனக்கும் இப்படி ஒருவரை மறக்க முடியாது. ஆனால் அவர் ஆராய்ச்சியாளர் இல்லை, மீனவர்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை இரவில் கடற்கரையில் பங்குனி ஆமையின் தடம் தேடி நடப்போம். சென்னையில் மாணவர்கள் 1988-இல் அமைப்பாகத் தொடங்கிய வேலை இது. நான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவள். தடம் கிடைத்ததும் கம்பியால் மணலைக் குத்திப் பார்ப்போம். திடீரென்று கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், அங்கேதான் குழி. முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைப்போம், பெரும்பாலும் நூறுக்கு மேல் இருக்கும். தேதி, நேரம், இடம், குழியின் ஆழம், முட்டை எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறும். செத்து ஒதுங்கிய ஆமைக்குத் தனிப் பக்கம்.

2025 ஜனவரியில் அந்தப் பக்கம் போதவில்லை. நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் மூக்கை விட்டு வாடை போகாது.

அதற்குப் பிறகு ஒரு கருத்தரங்கில், ஒதுங்கிய இடங்களைப் புள்ளி வைத்து ஒரு வரைபடம் காட்டினேன். புள்ளி அதிகமாக விழுந்த இடத்தைச் சிவப்பாக்கி, அதற்கு நேர் எதிரே இருக்கும் கடலில்தான் பிரச்சினை என்று பேசினேன். பேச அழைத்திருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.

“ஏம்மா, இது ஒதுங்குன எடம். செத்த எடம் எங்க?”

நான் முழித்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் கையாலேயே காட்டினார். வன்னி என்ற நீரோட்டம் ஓடினால் வடக்கே செத்தது தெற்கே வந்து ஒதுங்கும், தெண்டி என்ற நீரோட்டம் ஓடினால் தெற்கே செத்தது வடக்கே போகும். காற்று எந்தப் பக்கம், உடல் எத்தனை நாள் மிதந்தது, எல்லாம் பார்க்க வேண்டும். “அன்னைக்கு என்னா வெள்ளம்னு எழுதி வெச்சிருக்கியா?” என்றார். நீரோட்டத்தைத்தான் வெள்ளம் என்கிறார். நோட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

இப்போது இருக்கிறது. காலையில் கடலுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டு, வன்னியா தெண்டியா என்று எழுதிவிடுகிறோம். உடல் எவ்வளவு அழுகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். அடுத்த போஸ்டரில் அந்தப் பெரியவர் பெயரை ஆசிரியர் வரிசையில் போட வேண்டும் என்று எங்கள் குழுவில் விடாப்பிடியாக நிற்கிறேன். நன்றி சொல்லும் பகுதியில் ஒரு வரி போதாது.

கிண்டி ஆய்வக மாணவி:

நான் புரதக் கட்டமைப்பு ஆள். எங்களுக்குப் பொதுக் கிடங்கு என்றால் புரதத் தரவு வங்கி. 1971-இல் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கியது, இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். உள்ளே போடும் எந்தப் புரதத்தையும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்த்து ஒரு சரிபார்ப்பு அறிக்கை தருவார்கள். ஜி. என். ராமச்சந்திரனும் அவர் சகாக்களும் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட அதே வரைபடம்தான். எந்த நாட்டில் யார் புரதக் கட்டமைப்பு கண்டுபிடித்தாலும் நம் ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

முதல் மாநாட்டில் என் போஸ்டர் முன்னால் வயதான பேராசிரியர் ஒருவர் நின்றார். பெரிய படத்தையெல்லாம் விட்டுவிட்டு, மூலையில் சின்னதாக வைத்திருந்த அந்த வரைபடத்துக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“இந்த ஒரு புள்ளி மட்டும் வெளியே நிக்குதே. கிளைசினாம்மா?”

“இல்ல சார், வேலின்.”

“சரி. எலெக்ட்ரான் அடர்த்தி என்ன சொல்லுதுன்னு போய்ப் பாருங்க.”

கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி இல்லாததால் மற்ற அமினோ அமிலங்கள் போக முடியாத இடத்துக்கும் போகும். வேலின் அங்கே நிற்பது அபூர்வம். அன்றிரவே ஆய்வகத்துக்குப் போய், அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று சோதனை காட்டும் அந்த அடர்த்திப் படத்தைப் பார்த்தேன். இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் ஒரு பெப்டைடைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தேன். சரியாகத் திருப்பியதும் அந்தப் புள்ளி கூட்டத்துக்குள் வந்துவிட்டது. வங்கியில் போடுவதற்கு முன்னால் அவர் பார்த்தாரே! இல்லையென்றால் யாரோ ஒருவர் அதை நம்பி மருந்து மூலக்கூறைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

தாம்பரம் தவளைக்காரர்:

என்னுடையது சந்தோஷமான கதை இல்லை. நான்கு மழைக்காலம் ஏரிக்கரையில் நின்று பதிவு செய்த தவளைச் சத்தங்களை ஒரு கூட்டுத் திட்டத்துக்குக் கொடுத்தேன். கட்டுரை வந்தது, எங்கள் யார் பெயரும் இல்லை. மாநாட்டில் நேரில் கேட்டதற்கு, ‘தரவு எல்லோருக்கும் பொது’ என்று பதில் வந்தது. பொதுதான், மறுக்கவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வதும் அதில் சேர்ந்ததுதானே? உயிரினத் தரவுகளை உலகெங்கிலுமிருந்து சேர்த்துவைக்கும் ஜிபிஐஎஃப் தளத்தில் தரவை இறக்கினால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஓர் அடையாள எண் கிடைக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே போனால் மூலத் தொகுப்புகள் எல்லாம் தெரியும். இப்போது அந்த வழியில் மட்டும்தான் கொடுக்கிறேன்.

வேளச்சேரி ஆசிரியர்:

தவளை நண்பரே, நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். எனக்குக் குண்டூசி கொடுத்த மாணவி தன் ஆய்வேட்டில் பள்ளிக்கரணைப் பட்டியல்காரர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதாகச் சொன்னார். வந்ததும் இங்கே சொல்கிறேன்.

இந்த ஞாயிறு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் கூட வந்தார்கள். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணினார்கள். காகம் 63, மைனா 21, மாடப்புறா 118. பூநாரை இல்லை. முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு ஒரு பையன் எல்லோரையும் ஒரு முறை கேட்டுவிட்டு ‘ஆமாம்’ என்று அழுத்தினான்.